கியர் விழவில்லை என்றால் கியர் பாக்ஸைப் பிரிப்பதற்கு முன்

என் கார் இருபது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சில மாதங்களுக்கு முன் காலை நேரத்தில் ரிவர்ஸ் கியர் போடும்போதெல்லாம் பல்லோடு பல் உரசும் 'கர்ர்' என்ற ஓசை கேட்கத் தொடங்கியது. இரண்டு வாரங்களில் சிக்னலில் நிற்கும்போது முதல் கியரும் முரண்டு பிடித்தது. காட்டிய முதல் பட்டறையில் லிவரை நான்கு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பெடலை ஒருவர்கூட மிதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் தயக்கத்துக்குக் காரணம்.

கியர் விழவில்லை என்ற புகாரில் பழி எப்போதும் கையில் அகப்படும் லிவரின் மீதும், அதற்குக் கீழே இருக்கும் பெட்டியின் மீதும்தான் விழுகிறது. உண்மையில் பாதி வேலை காலடியில் நடக்கிறது. கிளட்சை முழுவதும் மிதித்தவுடன், எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் அதை நோக்கி அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இறுகியிருந்த கிளட்ச் பிளேட் விடுபட வேண்டும். அது விடுபட்டால், அதனோடு சேர்ந்து சுழன்ற இன்புட் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டு) சில விநாடிகளில் ஓய்ந்து நின்றுவிடும். பிளேட் ஒரு நூலிழை அளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும், கியர் உரசும். முன்னோக்கிய கியர்களில், பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமமாக்கும் சின்க்ரோ வளையங்கள் இந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடுகின்றன. பல பழைய வண்டிகளின் ரிவர்ஸில் அந்த வளையம் கிடையாது என்பதால், கிளட்சின் கோளாறை முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ்தான்.

எனவே முதல் சோதனையை எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்தேன். கிளட்சை மிதித்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஐந்து வரையும், பிறகு ரிவர்ஸையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் விழுந்தன. (நிற்கும் வண்டியில் சில நேரம் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி ஒரு கியர் விழாமல் போகலாம், கிளட்சை ஒருமுறை விட்டு மிதித்தால் அல்லது வண்டியை ஓர் அடி தள்ளினால் விழுந்துவிடும், அது கோளாறு அல்ல.) எஞ்சின் அணைந்திருக்கும்போது எளிதாக விழும் கியர் எஞ்சின் ஓடும்போது மட்டும் மறுக்கிறது என்றால், லிவரிலும் அதன் இணைப்புகளிலும் சிக்கல் இருக்க வாய்ப்பு குறைவு. அணைத்த நிலையிலும் எல்லாக் கியர்களும் கடினமாக இருந்தால் இணைப்புக் கம்பிகள், கேபிள், தேய்ந்துபோன பிளாஸ்டிக் புஷ்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அப்போதும் பெட்டியைத் திறக்கும் வேலை கடைசியில்தான்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சை முழுவதும் மிதித்து, மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டேன். பத்து விநாடி என்பது ஷாஃப்ட் ஓய்வதற்குத் தாராளமான நேரம். அதற்குப் பிறகும் உரசியது. பெடலை வேகமாக மூன்று முறை மிதித்து விட்டு, நான்காவது மிதியில் போட்டபோது ஓசையே இல்லாமல் விழுந்தது. இந்த ஒரு வேறுபாடு போதும். என் வண்டியில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் இருப்பது திரவம்: பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும், அந்தத் திரவம் கிளட்ச் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரை இயக்கும். பலமுறை மிதித்தால் சரியாகிறது என்றால் திரவத்தில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்து அழுத்தத்தைக் கசியவிடுகிறது என்று பொருள். தேய்ந்த பிளேட்டோ, உடைந்த பல்லோ பெடலை நான்கு முறை மிதித்ததால் குணமாவதில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்: பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு சுருண்டு கிடக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். நான் பார்த்தது இரண்டாம் நாள்தான். என் வண்டியில் அது காரணம் இல்லை, ஆனால் காரணமாக இருந்திருந்தால் வெட்கமாகப் போயிருக்கும்.

பிறகு என் மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, பானட்டைத் திறந்து, கியர் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கு அருகில் ஓர் எஃகு அளவுகோலைப் பிடித்துக்கொண்டேன். அவள் பெடலைத் தரைவரை மிதித்தபோது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் ஃபோர்க்கைத் தள்ளும் கம்பி 9 மி.மீ. மட்டுமே நகர்ந்தது. “இன்னும் மிதிக்கணுமா அப்பா? தரையைத் தொட்டாச்சு” என்றாள். அவள் மிதித்துப் பிடித்திருக்கும்போதே கம்பி மெல்ல, கண்ணுக்குத் தெரியும்படி, பின்வாங்கத் தொடங்கியது. சிலிண்டரின் முனையில் இருந்த ரப்பர் உறையை விரலால் உரித்தேன். உள்ளே சேர்ந்திருந்த கறுப்பு நிறத் திரவம் மணிக்கட்டு வரை வழிந்தது. மேலே உள்ள தொட்டியில் திரவத்தின் அளவு மட்டும் சற்றே குறைந்திருந்தது, அவ்வளவுதான். தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் அதன் அடையாளம் பெரும்பாலும் உள்ளே, பெடலுக்கு மேலே உள்ள சுவரில் ஈரமாகத் தெரியும். கிளட்சுக்குப் பயன்படுவது பிரேக் திரவமே என்பதால் அது பெயின்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கிளட்சுக்குத் திரவத்துக்குப் பதிலாகக் கேபிள் வைத்த வண்டிகளில் இந்தக் கதை வேறு மாதிரி போகும். பெடலைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பு தெரியும் முன் சிறிது தூரம் தளர்வாக இறங்க வேண்டும்; எத்தனை மி.மீ. என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். தளர்வு அதிகமானால் கிளட்ச் முழுவதும் விடுபடாது. தளர்வே இல்லாவிட்டால் நேர்மாறாக, கிளட்ச் எப்போதும் பாதி மிதித்த நிலையில் நின்று வழுக்கும். பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும் என்பதால், சரிசெய்யாமல் விட்ட கேபிள் நல்ல பிளேட்டையும் எரித்துவிடும். பெடல் நாளுக்கு நாள் கனத்துவந்தால் கேபிளின் இழைகள் பிரிந்து உறைக்குள் உரசுகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

வழுக்குவதும் விடுபடாமல் ஒட்டுவதும் எதிரெதிர்க் கோளாறுகள். ஆனால் இரண்டையும் 'கிளட்ச் போய்விட்டது' என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். வழுக்கலைக் கண்டுபிடிக்க, வெறிச்சோடிய சமதளச் சாலையில் நான்காவது கியரில் மணிக்கு 40 அல்லது 50 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்துங்கள். எஞ்சினின் இரைச்சல் மட்டும் எகிறி, வேகமானி அசையாமல் நின்றால் பிளேட் பிடிக்கவில்லை. கருகிய நாற்றமும் சேர்ந்துவரும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. வண்டி முன்னால் பாயக்கூடும், பிளேட்டும் சூடேறும் என்பதால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. வழுக்கும் பிளேட்டை மாற்றப்போகிறீர்கள் என்றால், அதில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினின் பின்பக்க சீல் கசிந்துகொண்டிருக்கும்போது புதிய பிளேட் போடுவது ஓட்டைக் குடத்துக்கு மூடி வாங்குவது போன்றது.

ஓசைகளைப் பிரித்தறிவது எளிது. பெடலை மிதிக்கும்போது மட்டும் வரும் கிறீச்சிடல், ஃபோர்க் தள்ளி கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சுட்டும். நியூட்ரலில் கால் எடுத்திருக்கும்போது கேட்டு, மிதித்தவுடன் மறையும் முனகல் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சுட்டும்.

அப்படியானால் கியர் பாக்ஸே குற்றவாளியாக இருப்பது எப்போது? முன்னோக்கிய கியர்களில் ஒன்று மட்டும் உரசி, மற்றவை ஒழுங்காக விழுந்தால் அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, தேவைப்பட்டால் சற்று ஆக்சிலேட்டர் கொடுத்து, மீண்டும் மிதித்துக் கியர் போடும் இரட்டை மிதியில் ஓசை மறைந்தால் சந்தேகம் உறுதியாகும். ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்தாலும் உள்ளே வேலை இருக்கலாம், ஆனால் தளர்ந்த எஞ்சின் மவுன்ட்டும் அதே வித்தையைச் செய்யும். பெட்டிக்கு எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதையும் கேட்டுவிடுங்கள்: ஜிஎல்-4 (இது கியர் எண்ணெயின் தரக் குறியீடு) கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், அதில் அதிகமாக உள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

என் வண்டிக்கு இரண்டு சிலிண்டர்களையும் சேர்த்தே மாற்றினேன். ஒன்று புதிதாகி அழுத்தம் கூடினால் பழையதாக நிற்கும் மற்றொன்று விரைவில் கசியத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். காற்றை வெளியேற்றிய பின் மகளை மீண்டும் உட்காரவைத்து அளந்தபோது கம்பி 14 மி.மீ. நகர்ந்து, அங்கேயே நின்றது. மூன்று வரை எண்ணி ரிவர்ஸ் போட்டேன், ஓசை இல்லை. குளிர்ந்த காலையில் இரண்டாவது கியர் மட்டும் இன்னும் லேசாக உரசுகிறது. அது சின்க்ரோதான், இரட்டை மிதியில் மறைந்துவிடுகிறது. இப்போதைக்கு மிதித்து மிதித்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.