பெயர் யாருடைய பெயரில்?

எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பெயர். கம்பனிப் பதிவிலும் பஸ் பலகையிலும் இருப்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர். திருவிழா நோட்டீசிலும் சாவு அறிவித்தலிலும் வருவது வேறு. 2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நாட்களில்தான் அட்டன் பக்கத்துத் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு ஓர் இணையத்தளம், அந்தத் தளத்துக்கு ஒரு டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி.

டொமைன் விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டவள். 2019இல் பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு தளம் செய்தோம். டவுனில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருந்த தம்பி ஒருவர்தான் எல்லாவற்றையும் செய்து தந்தார். காசைக் கொடுத்தோம், தளம் வந்தது, படங்கள் போட்டோம். பள்ளிக்கூடத்தின் பெயரே முகவரியில் இருப்பதால் அது எங்களுடையது என்றுதான் நினைத்திருந்தோம். உண்மையில் கணக்கும் அவருடையது, பதிவில் இருந்த மின்னஞ்சலும் அவருடையது. அவர் கட்டாருக்குப் போனார், கடை மூடியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்கள் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தன.

டொட் கொம் போன்ற பெயர்கள் காலாவதியானவுடனே பறிபோவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெயரைப் பதிந்து விற்கும் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழமையான கட்டணத்திலேயே மீட்கலாம். அதையும் தவறவிட்டால் இன்னும் 30 நாள் இருக்கிறது, ஆனால் தண்டம்போல ஒரு தொகை கூடக் கேட்பார்கள். அப்புறம் 5 நாள் பூட்டி வைத்துவிட்டு, யாரும் எடுக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். எங்களுக்கு இது தெரிந்தபோது அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிபர் போன் எடுத்து, "என்ன பிள்ளை இது?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது! யார் வாங்கியிருக்கிறார்கள் என்று தேடினால் உரிமையாளர் விபரம் மறைக்கப்பட்டிருந்தது. 2018இல் ஐரோப்பாவில் தனிநபர் தரவுச் சட்டம் வந்த பிறகு பெரும்பாலான பெயர்களுக்கு அப்படித்தான். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டு வாங்கி வைக்காதது நாங்கள்.

அதனால் இந்த முறை கணக்கு, மின்னஞ்சல், வங்கி அட்டை மூன்றும் என் பெயரில்தான் என்று முதலே முடிவு செய்துவிட்டேன். பதிவில் கொடுக்கும் மின்னஞ்சல், வாங்கப்போகும் டொமைனிலேயே இருக்கக்கூடாது என்பதும் முக்கியம். பெயர் நின்றுபோனால் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும், மீட்பதற்கான கடிதம் வரவே வராது.

அடுத்தது எழுத்துக்கூட்டல். 'தோட்டப்பெயர்' என்று வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். தமிழில் எழுதினால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆங்கில எழுத்தில் என்று வந்ததும் வீடு இரண்டுபட்டது. முதல் டி-க்குப் பிறகு எச் உண்டா? ஓ ஒன்றா, இரண்டா? நடுவில் டி எத்தனை, பி எத்தனை? கடைசி எழுத்து ஆர் என்பதில் மட்டும் சண்டை இல்லை. தெரிந்த பத்துப் பேருக்குப் போன் எடுத்து, பெயரைச் சொல்லி, கேட்டபடி எழுதி அனுப்பச் சொன்னேன். ஏழு விதமாக வந்தது. 'மலையகம்' என்று தொடங்கலாமா என்றால் அங்கேயும் இதே கூத்து. சிலர் ஜி போடுகிறார்கள், நம் நாட்டு வழக்கில் பலர் எச் போடுகிறார்கள். சொற்களுக்கு நடுவில் கோடு போடலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் போனில் முகவரி சொல்லும்போது "நடுவில் ஒரு சின்னக் கோடு" என்று யார் விளக்கிக்கொண்டிருப்பது?

தமிழிலேயே பதிந்தால் என்ன என்றும் பார்த்தேன். நம் நாட்டுக்கு டொட் எல்கே மட்டுமல்ல, டொட் இலங்கை என்று தமிழிலும் ஒரு முடிவு உண்டு, சிங்களத்திலும் உண்டு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் உள்ளே கணினி அதை எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஒரு எழுத்துக் குவியலாகத்தான் வைத்துக்கொள்கிறது. சில இடங்களில் ஒட்டினால் அந்தக் குவியலே வெளியே வந்து நிற்கும், பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயப்படுவார். கடைசியில் டொட் கொம் எடுத்தேன், பத்துப் பேரில் நான்கு பேர் எழுதிய எழுத்துக்கூட்டலில். தேர்தல் மாதிரி.

பதிவுப் படிவம் திறந்தது. பெயர் சரி, மின்னஞ்சல் சரி. அடுத்த கட்டம் வீட்டு இலக்கமும் தெருவும். அப்பா பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"தெருவா? நமக்கு ஏது தெரு, ஏத்தம்தான் இருக்கு."

வேடிக்கைக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பராவுக்கு, அதாவது ஒரு குடும்பத்தின் அறைக்கு, தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தர வேண்டும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து கைக்கு வந்தவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். டவுனில் இருக்கும் மாமாவின் முகவரியைப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் கை போனது. ஆனால் பதிவில் பொய்த் தகவல் இருந்தால் பெயரையே ரத்துச் செய்யலாம் என்பது விதி. மாமா வீடு என் வீடும் இல்லை. தோட்டத்தின் பெயர், கீழ் டிவிசன், லய இலக்கம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஏற்றுக்கொண்டது. மனதுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி, மறைக்கவில்லை.

காசு கட்டுவது தனிக் கூத்து. என் அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறக்கப்படவில்லை, வங்கிக்கு ஒரு நடை. அப்புறம் ஓடிபி. எங்கள் லயம் பள்ளத்தில் இருப்பதால் இணையம் ஜன்னலோரம் கிடைக்கும், குறுஞ்செய்தி மட்டும் நினைத்த நேரத்துக்குத்தான் வரும். இரண்டு தடவை இலக்கம் வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்திருந்தது. மூன்றாம் தடவை போனோடு கோயில் பாறைக்கு ஏறி, அங்கே நின்றே வாங்கி முடித்தேன். கட்டுவதற்கு முன் கூடையை ஒருமுறை பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. கேட்காத மின்னஞ்சல் சேவை ஒன்று உள்ளே இருந்தது. பெரிய எழுத்தில் இருந்த விலை முதல் வருடத்துக்கு மட்டும். இரண்டாம் வருட விலையைத் தேடித்தான் கண்டுபிடித்தேன், இரண்டு மடங்குக்கு மேல்.

பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்கவில்லை. மின்னஞ்சல் என்னுடையதுதான் என்று 15 நாளுக்குள் இணைப்பை அழுத்தி உறுதிப்படுத்த வேண்டும். அந்தக் கடிதம் குப்பைக் கோப்பில் கிடந்தது. பதினாறாம் நாள் தளத்தைத் திறந்தால், பெயர் இடைநிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு பக்கம். பழைய சூதாட்டப் பக்கம் ஞாபகத்துக்கு வந்து வயிறு கலங்கியது. கடிதத்தைத் தேடிப்பிடித்து அழுத்தியதும் சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

மற்றதெல்லாம் சுலபம். தளத்தை வைக்க இடம் கொடுத்த நிறுவனம் தந்த இரண்டு நேம்சேர்வர் (தளம் எங்கே இருக்கிறது என்று வழி சொல்லும் கணினி) பெயர்களை டொமைன் கணக்கில் மாற்றினேன். கொழும்பில் இருக்கும் அக்காவுக்கு அன்று மாலையே தளம் தெரிந்தது, எனக்கு அடுத்த நாள் காலையில்தான். தளம் எங்கே என்ற கேள்விக்குக் கிடைத்த பழைய விடையை இணைய நிறுவனங்கள் அங்கங்கே சேமித்து வைத்திருக்கும், அது கழிய வேண்டும். முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசமாகக் கிடைத்தது.

வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அறிவித்தல் வந்தது, இந்த முறை என் பெட்டிக்கே. தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருந்தேன், ஆனால் இடையில் வங்கி அட்டை மாறியிருந்தது. புது இலக்கத்தைப் போட்டு, போனை எடுத்துக்கொண்டு மறுபடி பாறைக்கு ஏறினேன். ஓடிபி முதல் தடவையிலேயே வந்தது. மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டு இறங்கினேன்.