நீலகிரியில் பச்சையெல்லாம் காடல்ல

ஊட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களில் காடழிப்பு பெரும்பாலும் மரம் நட்டே நடந்தது. ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல் இயற்கையாக இருந்தது மடிப்புகளில் சோலை எனப்படும் அடர்காடு, மேடுகளில் புல்வெளி. அந்தப் புல்வெளியை ஆங்கிலேயர் தரிசுக் கணக்கில் எழுதினார்கள். விறகுக்குச் சோலை வெட்டுப்பட, 1843இல் ஆஸ்திரேலியக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்து இறங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகும் கணக்கு மாறவில்லை: தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை (வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரம்), சிறுமுகையில் மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்த விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூரம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழருக்கு வேலை தர, 1968 முதல் அரசே காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தத் தமிழர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரையாடுகளும், தோடர் பழங்குடியினரின் எருமைகளும் மேய்ச்சலை இழந்தன. தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். ஊட்டிக்கு அருகே கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகள் இரண்டை ஒப்பிட்டு அளந்தார்கள். புல்வெளியில் கற்பூரம் வைத்த முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால் துளிர் முதல் நாளிலிருந்தே உறிஞ்சியது. கோடை ஓட்டம்தான் முதலில் அடிவாங்கும்; பைக்காரா மின்சாரமும் பவானிப் பாசனமும் நம்பியிருப்பது அதைத்தான்.

சரி, வெட்டி எறிந்துவிடலாமே என்றால் அதிலும் சிக்கல். கற்பூரக் கட்டை மறுபடி துளிர்க்கும்; தரையொட்டி வெட்டி, பட்டையை மண்வரை உரித்து, வரும் துளிரை விடாமல் ஒடிக்க வேண்டும். சீகை விதையின் ஓடு கடினமானது, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயிலும் சூடும் பட்டால் எழும்பும். கழிவைக் கொளுத்தினால் அடுத்த மழைக்குக் கன்றுகள் பாய் விரித்தாற்போல் முளைப்பது அதனால்தான். கொளுத்தாதீர்கள். மழை விட்ட ஈர மண்ணில், பூக்குமுன், வேரோடு கையால் பிடுங்குங்கள். ஒரு வருடம் விட்டாலும் செலவு வீண். உள்ளூர்ப் புல்லின் தூர்களைப் பிரித்துத் தென்மேற்குப் பருவமழைத் தொடக்கத்தில் நட்டால் உறைபனிக்குள் வேர் பிடிக்கும்.

திறந்த புல்வெளியில் சோலைக் கன்று நடும் விழாக்களைத் தவிர்க்கலாம். மார்கழி, தை உறைபனியில் அவை கருகும். சோலையை ஒட்டிய முதிர்ந்த சீகையை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அதன் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே வந்திருந்தால், அவை தலை தூக்கிய பிறகு சீகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே சரி. சரிவில் பொக்லைன் வைத்துப் பிடுங்கும் டெண்டர் எதுவும் கூடாது. வேரோடு மண்ணும் ஓடைக்குப் போய்விடும்.