முகத்துப் பள்ளத்தில் கொழுப்பு ஒட்டு: நிரப்பினால் சாகும், நட்டால் பிழைக்கும்

விபத்தில் குழிந்த கன்னம், கட்டியை எடுத்தபின் தாடையோரம் விழுந்த பள்ளம், பாரி ராம்பெர்க் நோயில் சுருங்கிய பாதி முகம். இவற்றுக்கெல்லாம் நோயாளியின் வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கொழுப்பே மருந்தாகிறது. 1893-லேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் குஸ்டாவ் நாய்பர் கையிலிருந்து எடுத்த கொழுப்பை முகத் தழும்பின் பள்ளத்தில் வைத்தார். துண்டு பெரிதானால் சரிவராது என்பதையும் கவனித்தார். இன்றைக்கும் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

காரணம் எளிது. இடம் மாறிய கொழுப்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. புதுக் குழாய்கள் முளைக்கும்வரை சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் ஆக்சிஜனே உணவு. அது மில்லிமீட்டரில் ஒரு பகுதி ஆழம்தான் போகும். அதனால் 2 மி.மீ.க்கு மேல் தடித்த திரளாக வைத்தால் நடுப்பகுதி செத்து எண்ணெய்க் கட்டியாகும். நாளடைவில் அதன் ஓரத்தில் சுண்ணாம்பு படியும்.

எடுக்கும்போதே மென்மை வேண்டும். ஒரு லிட்டர் ரிங்கர் லாக்டேட் உப்புத் திரவத்தில், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் (1:1000) 1 மி.லி., மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் எடைக்கேற்ற அளவு கலந்து, கொழுப்பு எடுக்கும் இடத்தில் செலுத்திவிட்டு 10 முதல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். 10 மி.லி. சிரிஞ்சில் பிஸ்டனை 1 அல்லது 2 மி.லி. மட்டும் இழுத்துப் பிடித்தால் போதும். வேகமாக உறிஞ்சினால் செல் உடையும். அறுவை மருத்துவர் கோல்மன் வகுத்த முறையில், எடுத்த கொழுப்பை நிமிடத்துக்கு 3000 சுற்றில் 3 நிமிடம் சுழற்றுவார்கள். மேலே எண்ணெய், நடுவே கொழுப்பு, அடியில் ரத்தமும் திரவமும் பிரியும். அடியில் உள்ளதை வடித்து, எண்ணெயைக் கொட்டி, மிச்சத்தைப் பஞ்சுத் திரியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால், வைத்த அளவே பொய்யாகிவிடும்.

செலுத்துவதற்கு 1 மி.லி. சிரிஞ்சும், கேனுலா எனும் மழுங்கிய முனைக் குழலும்தான். கேனுலாவை உள்ளே கொண்டுபோய், பின்னால் இழுத்துக்கொண்டே இழைபோல விட வேண்டும். ஒரு மி.லி.யைக் கன்னத்தில் குறைந்தது 10 முறையாகவும், கண்ணிமையருகே 30 முறைக்கு மேலாகவும் பிரித்து, வெவ்வேறு ஆழங்களில் வைப்பது வழக்கம். இமைத்தோல் அவ்வளவு மெல்லியது. மேலோட்டமாக வைத்த ஒரு சிறு திரள்கூட ஆண்டுக்கணக்கில் மேடாகத் தெரியும். அங்கே எலும்பை ஒட்டி ஆழமாக வைப்பதே நல்லது.

தழும்புதான் பெரிய சோதனை. அடியோடு ஒட்டிய நார்களை 18 கேஜ் ஊசியால் ஆங்காங்கே குத்தி விடுவிக்கிறோம். முழுக்க அறுத்துவிட்டால் அடியில் ஒரு குகை உண்டாகி, கொழுப்பு அதில் தேங்கி அழுகும். பாதி இறுக்கம் மிஞ்சினால் மிஞ்சட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். கதிர்வீச்சு பட்ட தோலிலும் இதே பொறுமை தேவை: இறுகிய தோலுக்கடியில் அதிகம் திணித்தால் அழுத்தமே ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும்.

வைத்ததில் நிலைப்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். பாதி கரைந்தால் ஆச்சரியமில்லை. அதற்காக இருமடங்கு வைப்பது எங்கள் பார்வையில் தவறு. 3 முதல் 6 மாதம் கழித்து மறுபடி வைப்பதே மேல். பாரி ராம்பெர்க்கில் நோய் ஓய்ந்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். இன்னொன்று: ஒட்டு பிழைத்தபின் அது எடுத்த இடத்துக் கொழுப்பைப் போலவே நடக்கும். உடல் எடை ஏறினால் கன்னமும் ஏறும்.

மிக அரிதாக, ஆனால் மீளமுடியாததாக வருவது பார்வை இழப்பு. புருவமத்தி, மூக்கு, நெற்றிப் பகுதிகளில் கொழுப்பு தமனிக்குள் நுழைந்து, அழுத்தத்தால் பின்னோக்கிப் போய், விழித்திரைத் தமனியை அடைக்கும். கூர் ஊசியைத் தவிர்ப்பது, அந்த இடத்தில் முன்கூட்டியே அட்ரினலின் போட்டுக் குழாய்களைச் சுருக்குவது, பெரிய சிரிஞ்சைத் தொடாமலிருப்பது, கேனுலா நகரும்போது மட்டும் செலுத்துவது, இவையே காப்பு. திடீர் வலி, தோல் வெளுப்பு, பார்வை மங்கல், இதில் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்திக் கண் மருத்துவரை அழைக்க வேண்டும். முகத்தில் ஊசியால் நிரப்பும் ஹையலுரானிக் அமில ஜெல்லை (ஃபில்லர்) கரைக்க ஹையலுரானிடேஸ் என்ற நொதி உண்டு. கொழுப்பைக் கரைக்க அப்படி ஒரு மருந்து இல்லை.