கட்டுரை நோட்டுக் குறிப்புகள்

செப்டம்பர் 12

ஒன்பதாம் வகுப்புக்குக் கடிதம் எழுதும் பாடம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற சட்டகம் பத்து நிமிட வேலை; வருடக்கணக்கில் அதையே நடத்துகிறோம். சிக்கல் நடுவில்தான். 'எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, ஆவன செய்ய வேண்டுகிறேன்.' இதை வைத்துக்கொண்டு ஊராட்சிச் செயலர் எந்தக் கம்பத்துக்கு ஆள் அனுப்புவார்?

எழுதத் தொடங்குமுன் தாளின் ஓரத்தில் நான்கு விடைகள் வேண்டும்: எந்தக் கம்பம் (எண் இல்லையென்றால் எந்தக் கடைக்கு எதிரே), எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு என்ன இடைஞ்சல், என்ன செய்ய வேண்டும். விடை தெரியாத பிள்ளை இன்று எழுத வேண்டாம். தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு நாளை எழுதட்டும்.

செப்டம்பர் 13

முதல் வரைவு, 15 நிமிடம். 'தாழ்மையுடனும் பணிவுடனும்' பாதி பக்கத்தைத் தின்கிறது. பணிவுக்கு ஒரு சொல் போதும்.

அதைவிடத் தொல்லை 'படு'. 'புகார் அளிக்கப்பட்டும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை' என்றால் அளித்தவர் யார், என்றைக்கு? 'ஆகஸ்ட் 20 அன்று என் தந்தை மனு கொடுத்தார்' என்று மாற்றியதும் கடிதத்துக்கு ஆள் வந்துவிடுகிறது. எழுவாயைத் தேடச் சொன்னால் போதும், செயப்பாட்டுவினை இலக்கணம் நடத்தத் தேவையில்லை.

செப்டம்பர் 16

திருத்தம். எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் சுழித்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு வகைப் பிழைதான்: முதலில் செய்தி, பிறகு வாக்கியம், கடைசியில் எழுத்து. நீக்கப்போகிற வரியில் ஒற்றுப்பிழையைத் திருத்துவது வீண். பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். எது பிழை என்று கண்டுபிடிப்பது எழுதியவர் வேலை.

செப்டம்பர் 18

ஒற்று. வலி மிகும் இடங்களின் (இரு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் வரும் இடங்களின்) பட்டியலை ஒப்பிக்கிறவர்களும் எழுதும்போது கோட்டை விடுகிறார்கள். 'கத்தி கொண்டு வந்தான்', 'கத்திக்கொண்டு வந்தான்' இரண்டையும் உரக்கப் படிக்க வைத்தால் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்கிறார்கள். ல, ள, ழ மட்டும் இப்படி வசப்படாது. பேச்சிலேயே மூன்றும் கலந்துகிடக்கிற வீடுகளில் காதை நம்ப முடியாது. அதற்கு வலி, வளி, வழி போன்றவற்றை வாக்கியத்தில் வைத்துத் தினமும் ஐந்து நிமிடம் சொல்வதெழுதல்தான்.

செப்டம்பர் 30

திருத்தி எழுதிய நல்ல பிரதி தயார். அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்கலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். தேதி போடாத கடிதங்கள் இன்னும் ஆறு இருக்கின்றன.