தாழ்ந்தே கிடந்த எச்சரிக்கைக் கம்பி

பாலக்கோடு அருகே இளம்புழு வளர்ப்பு மையம் நடத்தும் அண்ணன் ஒருவருக்காகக் கடந்த ஆண்டு ஒரு வெப்பநிலை எச்சரிக்கைக் கருவியைச் செய்து கொடுத்தேன். முட்டை பொரிந்ததிலிருந்து இரண்டாம் தோலுரிப்பு வரை பட்டுப்புழுக்களுக்கு 27 முதல் 28 டிகிரி வெப்பமும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் தேவைப்படுவதால், இரவில் ஹீட்டர் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் யாராவது எழுந்து வந்து அதை நிறுத்தியாக வேண்டும். தருமபுரியில் என் வீட்டு மேசையில் பத்து நாட்கள் குறையில்லாமல் ஓடிய அந்தக் கருவி, மையத்தில் பொருத்திய இரண்டாவது வாரமே ஓர் இரவு முழுவதும் ஓசையின்றி இருந்துவிட்டது. விடியற்காலையில் தழை போட வந்த அண்ணன், சுவரில் தொங்கிய வெப்பமானி 31 டிகிரி காட்டுவதைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். “தம்பி, ராத்திரி உங்க மிஷின் கத்தவே இல்லையே” என்பதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. அந்தத் தட்டுகளில் இருந்தவை பல விவசாயிகள் முன்பணம் கட்டிக் காத்திருந்த புழுக்கள் என்பது எனக்குத் தெரியும்.

கருவியின் அமைப்பு எளிமையானது. லினக்ஸ் ஓடும் ஒரு சிறிய ஆர்ம் போர்டிலிருந்து, அதாவது ஒற்றைப் பலகைக் கணினியிலிருந்து, மூன்று மீட்டர் கேபிள் அறையின் நான்கு மூலைகளுக்கும் செல்கிறது. அதில் நான்கு டிஎம்பி102 வெப்ப உணரிகள் சிப்புகள் பேசிக்கொள்ளும் பொதுக் கம்பி இணைப்பான ஒரே ஐ2சி பஸ்ஸில் தொங்குகின்றன. அந்தச் சிப்புக்கு நான்கு முகவரிகள் மட்டுமே உண்டு என்பதால் நான்குக்கு மேல் சேர்க்க இயலாது. ஒவ்வொன்றிலும் அலர்ட் என்ற கால் இருக்கிறது. வெப்பம் மேல் எல்லையைத் தாண்டியவுடன் சிப் அந்தக் காலைத் தரைக்கு இழுக்கும், அதாவது அதன் மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்குத் தாழ்த்தும். இன்டரப்ட் முறையில் வைத்திருந்தால், அதன் உள் நினைவிடங்களில் (ரெஜிஸ்டர்) ஏதேனும் ஒன்றை நாம் படிக்கும் வரை அதை விடாது. நான்கு அலர்ட் கால்களும் ஓப்பன் டிரெயின் வகை (கம்பியைத் தாழ்த்த மட்டுமே தெரிந்தவை) என்பதால் அவற்றை ஒரே கம்பியில் இணைத்துப் போர்டின் ஒரு பின்னுக்குக் கொண்டு வந்திருந்தேன். மின்வெட்டின்போது பேட்டரியில் நெடுநேரம் ஓட வேண்டும் என்பதற்காக, அந்தக் கம்பி தாழ்ந்தால் மட்டும் கருவி விழித்துக்கொள்ளும்படி டிரைவரை, அதாவது உணரிகளை இயக்கும் நிரலை, எழுதியிருந்தேன்.

பழுதைக் கண்டுபிடிக்க மூன்று முறை பாலக்கோடு போக வேண்டியிருந்தது. முதல் இரண்டு முறையும் சென்ற உடனேயே மடிக்கணினியை இணைத்து, கட்டளை வரியிலிருந்து உணரிகளைப் படித்துப் பார்த்தேன். நான்கும் சரியான வெப்பத்தைச் சொல்லின, அதன்பின் எச்சரிக்கையும் வேலை செய்தது. நான் படித்த அந்தச் செயலே அலர்ட் காலை விடுவித்து, தேட வந்த தடயத்தை அழித்துக்கொண்டிருந்தது என்பது ஒரு மாலை வண்டியில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. மூன்றாம் முறை எதையும் படிக்காமல், முதலில் மல்டிமீட்டரை அலர்ட் கம்பியில் வைத்தேன். 0.1 வோல்ட் காட்டியது. உணரி இரவெல்லாம் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது; கேட்க வேண்டிய கெர்னலில்தான், லினக்ஸின் அந்த மையப் பகுதியில்தான், யாரும் கேட்கவில்லை.

தவறு டிரைவரில் நான் எழுதியிருந்த ஒரு கொடியில், அதாவது ஓர் அமைப்புக் குறியில், இருந்தது. கம்பி தாழ்ந்ததும் கெர்னலை அழைக்கும் இன்டரப்ட்டை, தாழும் கணத்தில் மட்டும் அழைக்கும் விளிம்பு முறையிலும் பெறலாம், தாழ்ந்திருக்கும் வரை அழைக்கும் நிலை முறையிலும் பெறலாம். விளிம்பு முறை என்பது வாசலில் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பவரைப் போன்றது. அந்தக் குரலைத் தவறவிட்டால் அவர் நிற்பதே நமக்குத் தெரியாது. நிலை முறையோ கதவு திறக்கும் வரை தட்டிக்கொண்டே இருப்பவரைப் போன்றது. நான் முதலில் நிலை முறையைத்தான் எழுதினேன். ஆனால் ஐ2சி வழியாகப் படிக்கும் வேலை உறங்கக்கூடிய, அதாவது நடுவில் காத்து நிற்கக்கூடிய, வேலை. அதை இன்டரப்ட் சூழலுக்குள் செய்ய இயலாது. எனவே கையாளும் நிரல், படிக்கும் பணியைப் பிறகு செய்ய ஒரு வொர்க்கியூவில் (வேலை வரிசையில்) போட்டுவிட்டு, கையாண்டாயிற்று என்று சொல்லித் திரும்பியது. கம்பி இன்னும் தாழ்ந்தே இருந்ததால் கெர்னல் அதே நொடியில் மீண்டும் அழைக்க, படிக்கும் பணிக்கு முறையே வராமல் போர்டு உறைந்து நின்றது. யாரும் கையாளவில்லை என்று நிரல் சொல்லியிருந்தால், ஒரு லட்சம் இன்டரப்ட்டுகளில் 99,900க்கு மேல் அநாதையாகப் போனதைப் பார்த்துக் கெர்னலே அந்தக் கம்பியை மூடி, பதிவேட்டில் புகாரும் எழுதியிருக்கும். கையாண்டதாக நானே சொன்னதால் அந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அன்று நான் செய்தது, நிலையை விளிம்பாக மாற்றியது மட்டும். உறைதல் நின்றது, பிரச்சினை தீர்ந்தது என்று நம்பிவிட்டேன்.

விளிம்பு முறையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஓர் உணரி கம்பியைத் தாழ்த்தியிருக்கும்போது இன்னொன்றும் தாழ்த்தினால் புதிய விளிம்பு உருவாகாது. நான்கையும் வரிசையாகப் படித்து முடிப்பதற்குள், முதலில் படித்தது மீண்டும் அழைத்தால் கம்பி மேலே வராமலே போகும். இது முதல் ஓட்டை. படிப்பே தோற்றால் கம்பி தாழ்ந்தபடியே நின்றுவிடும் என்பது இரண்டாவது. அந்த இரண்டாவது ஓட்டைதான் பாலக்கோட்டில் நடந்தது. இரவு 2:40 மணிக்குக் கருவி விழித்திருக்கிறது, படிக்க முயன்றிருக்கிறது, ஐ2சி பரிமாற்றம் தோற்றிருக்கிறது. என் நிரல் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பிவிட்டது. படிக்காததால் உணரி கம்பியை விடவில்லை. கம்பி மேலே வராததால் இன்னொரு விளிம்பு வரவே இல்லை.

மேசையில் ஒருமுறைகூடத் தோற்காத பரிமாற்றம் அங்கே ஏன் தோற்றது என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. என்னிடம் இருந்த மலிவான லாஜிக் அனலைசர் எல்லாவற்றையும் ஒன்று, பூஜ்யம் என்று வெட்டிக் காட்டியதால் அதில் குறையே தென்படவில்லை. ஓசூரில் ஒரு நண்பரின் பட்டறைக்கு அதே கேபிளோடு போய் மின்னலையின் வடிவத்தையே வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது மூச்சு நின்றது. அலை விழும்போது செங்குத்தாக விழுந்தது. எழும்போதோ, சேலத்திலிருந்து வரும் சுமை லாரி தொப்பூர்க் கணவாயில் ஏறுவதைப் போல வளைந்து வளைந்து எழுந்தது. அது உச்சியைத் தொடுவதற்குள் அடுத்த பிட் வந்துவிட்டது.

1982இல் பிலிப்ஸ் நிறுவனம் ஐ2சியை வடிவமைத்தபோது, தொலைக்காட்சிப் பெட்டி போன்ற ஒரு கருவிக்குள் சிப்புகள் பேசிக்கொள்வதே நோக்கமாக இருந்தது. மூன்று மீட்டர் கேபிள் அதன் கணக்கில் இல்லை. இந்தப் பஸ்ஸில் எந்தச் சிப்பும் கம்பியை மேலே தள்ளுவதில்லை. தாழ்த்துவது மட்டுமே சிப்பின் வேலை, உயர்த்துவது புல்-அப் ரெசிஸ்டரின் வேலை. கம்பியின் கொள்திறன், அதாவது அது மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு, எவ்வளவோ அவ்வளவு நேரம் அது ஏறும். 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை ஏறும் நேரம், ரெசிஸ்டரையும் கொள்திறனையும் பெருக்கி 0.8473ஆல் மீண்டும் பெருக்கினால் கிடைப்பது. எங்கள் கேபிளும் உணரிகளும் சேர்ந்து 250 பிகோ ஃபாரட் காட்டின; நான் போட்டிருந்தது 4.7 கிலோ ஓம். கணக்கு ஏறத்தாழ 1000 நானோ நொடி என்று வந்தது. 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்திற்கு விதி அனுமதிக்கும் எல்லையே அதுதான். ஆனால் நான் 400 கிலோஹெர்ட்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே எல்லை 300 நானோ நொடி. மும்மடங்கு மீறியும் பெரும்பாலும் வேலை செய்தது என்பதுதான் ஆபத்து. சிப்புகள் நடு மட்டத்திலேயே ஒன்று என்று ஏற்றுக்கொண்டதால் தப்பித்து வந்தது. ஈரப்பதத்திற்கான தெளிப்பு மோட்டார் ஓடும் நேரத்தில் சேரும் சிறு இரைச்சல் அதைக் கவிழ்க்கப் போதுமானதாக இருந்தது.

இதற்குமேல் ஒரு பிழையும் என்னுடையதே. போர்டின் வன்பொருள் விவரங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில் பஸ்ஸின் கடிகார வேகத்தை எழுதுமிடத்திற்குப் பக்கத்திலேயே ஏறும் நேரத்தை நானோ நொடியில் சொல்ல ஒரு வரி உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பல கன்ட்ரோலர் டிரைவர்கள், 400 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஏறும் நேரம் 300 என்று எடுத்துக்கொண்டு, கடிகாரம் தாழ்ந்தும் உயர்ந்தும் இருக்க வேண்டிய நேரங்களைக் கணக்கிடுகின்றன. அளந்து எழுத வேண்டிய எண்ணை நான் அளக்கவே இல்லை.

திருத்தம் சிறியதுதான். ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓம் ஆக்கினேன். ஏறும் நேரம் 466 நானோ நொடிக்கு இறங்கியது, சிப் இழுக்க வேண்டிய மின்னோட்டமும் 1.5 மில்லி ஆம்பியர்தான், விதி சொல்லும் 3 மில்லி ஆம்பியருக்குள் நிற்கிறது. 400 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 1.4 கிலோ ஓமுக்கு இறங்க வேண்டும், ஆனால் அந்த வேகம் எதற்கு? உணரி நொடிக்கு நான்கு முறைதான் வெப்பத்தை அளக்கிறது. நான்கு உணரிகளையும் 100 கிலோஹெர்ட்ஸில் படிக்க இரண்டு மில்லி நொடி போதும். வேகத்தைக் குறைத்து, ஏறும் நேரத்தை டிவைஸ் ட்ரீயில் எழுதி முடித்தேன்.

இன்டரப்ட் பகுதியை முழுவதும் மாற்றி எழுதினேன். தாழ்நிலை முறை, திரெட்டில் (உறங்கக்கூடிய தனி ஓட்டத்தில்) கையாளுதல், அதோடு ஒன்-ஷாட் கொடி. இந்தக் கொடி இருந்தால், திரெட் வேலையை முடிக்கும் வரை கெர்னல் அந்தக் கம்பியை மூடி வைத்திருக்கும்; திரெட் நிதானமாக ஐ2சியில் படித்துவிட்டுத் திரும்பியதும் திறக்கும்; கம்பி இன்னும் தாழ்ந்திருந்தால் மறுபடி அழைக்கும். படிப்பு தோற்றாலும், இரண்டு உணரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அழைத்தாலும் எதுவும் தொலையாது. பஸ் முழுவதுமாகச் செத்துவிட்டால் இதுவே முடிவில்லாத சுற்றாகிவிடும் என்பதால், இடையே 10 மில்லி நொடி விட்டு மூன்று முறை முயன்று, அதன்பின்னும் முடியாவிட்டால் கம்பியை மூடிவிட்டுச் சைரனை அடிக்கும்படி எழுதினேன். வெப்பம் தெரியவில்லை என்பதும் புழு மனையில் ஓர் அவசரம்தான். கூடவே 30 நொடிக்கு ஒருமுறை தானாகப் படிக்கும் வழியும் இருக்கிறது. பேட்டரி சற்று முன்னதாகத் தீரும், அதை அண்ணனிடம் சொல்லி ஒப்புதல் பெற்றேன்.

திரும்பப் பொருத்துவதற்கு முன், தரவுக் கம்பிக்கும் தரைக்கும் இடையே 2.2 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வேண்டுமென்றே பற்றவைத்து, பரிமாற்றங்கள் தோற்கத் தொடங்கியபோது டிரைவர் விடாமல் முயல்கிறதா என்று ஓர் இரவு முழுவதும் பார்த்தேன். முயன்றது, மூன்றும் தோற்றபோது சைரன் அடித்தது. கெப்பாசிட்டரை எடுத்துவிட்டுப் பாலக்கோட்டில் பொருத்தினேன். அடுத்த முட்டைத் தொகுதி பொரிந்த நான்காம் இரவு, 1:12 மணிக்கு ஹீட்டர் அணையாமல் ஓடியது. பதிவேட்டில் முதல் படிப்பு தோற்றதாக ஒரு வரி இருந்தது, அதற்கு அடுத்த வரியில் 29.1 டிகிரி என்று இருந்தது. அண்ணன் எழுந்து வந்து ஹீட்டரை அணைத்துவிட்டு, தட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தாராம்.