தாய் எலியோட ஒரு சொட்டு ரத்தம்

இன்னிக்கு கூண்டத் திறந்ததும் அந்தத் தாய் எலி முதல்ல பண்ணது, வெளிய உருண்டு கிடந்த குட்டிய வாயில கவ்விட்டுப் போய் மத்த குட்டிங்களோட சேத்து வச்சதுதான், அப்புறம்தான் என் கையையே பாத்துச்சு.

எதிர்ப்பு சக்தியப் பாக்க அவகிட்ட எடுத்தது ஒரு சொட்டு ரத்தம். அதுல ஈ.கோலை பாக்டீரியாவக் கலந்து, கிருமி வளக்குற தட்டுல தடவியாச்சு. நாளைக்கு தப்பிச்ச பாக்டீரியா எத்தன புள்ளியா முளைச்சிருக்குன்னு எண்ணணும், கம்மியா இருந்தா ரத்தம் நல்லா சண்ட போட்டிருக்குன்னு அர்த்தம்.

நிறைய வந்தா?

உடனே 'இவளுக்கு எதிர்ப்பு சக்தி கொறஞ்சிருச்சு'ன்னு எழுத எனக்கு மனசு வராது. பால் குடுக்குற நேரம் இது, ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்குற புரதம், பால் வழியா குட்டிங்களுக்குப் போயிட்டிருக்கு, ரத்தத்த மட்டும் பாத்தா அது எங்க தெரியும்?

பெண் எலிக்கு 4-5 நாளுக்கு ஒருதடவ ஹார்மோன் சுழற்சி, கணக்கு குழம்பும்னு சொல்லி எத்தனையோ ஆராய்ச்சில ஆண் எலிய மட்டுமே வச்சு முடிச்சிருக்காங்க. ரொம்ப வருத்தமா இருக்கு.

பாலையும் அளக்கணும்னு நோட்டுல எழுதிட்டு கூண்ட மூடுனேன். உள்ள குட்டிங்க குடிச்சிட்டே இருந்துச்சுங்க.