பலாலிக்குத் தெற்கே

விமானம் எங்கே நிற்கிறது என்று பலாலி விமான நிலைய டவர் கேட்டது. "நிலையத்துக்குத் தெற்கே" என்று பதில் சொன்னேன். பொய் என்று ஒருவரும் சொல்லமுடியாது. கொழும்பும் பலாலிக்குத் தெற்கேதான்.

இடப்பக்கம் இருந்து ஓட்டியவன் தனியார் விமானி உரிமம் எடுத்து முடித்து, அடுத்ததற்கு மணித்தியாலம் சேர்த்துக்கொண்டிருந்த மூளாய்ப் பொடியன். நான் அவனுடைய வாத்தியார், கோண்டாவில். இரண்டும் யாழ்ப்பாணம். கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையில் வெளிக்கிடும்போது "சேர்" என்பான், சிலாபம் தாண்டினால் "அண்ணை" ஆகிவிடுவேன். அவன் வழி பார்க்கட்டும் என்று ரேடியோவை நான் எடுத்துக்கொண்டேன். வெளிக்கிட முதலே அவனுடைய போனையும் அணைக்கச் சொல்லிவிட்டேன். வரைபடம், மணிக்கூடு, திசைகாட்டி, இந்த மூன்றையும் வைத்து ஊர் போய்ச் சேரவேண்டும். நான் படித்தது அப்படித்தான். அதில் பிழை இருப்பதாக இன்றைக்கும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

தை மாதப் பனி. நிலையத்தில் பார்வைத் தூரம் 3000 மீற்றர் என்று டவர் சொல்லியிருந்தது. கண்ணால் பார்த்துப் பறக்கிறவனுக்கு 5 கிலோமீற்றர் வேண்டும். நிலையத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டு வலயத்துக்குள் விசேட அனுமதி தந்தால் 1500 மீற்றர் வரை போகலாம். ஆனபடியால் அனுமதி கேட்கலாம், தருவார்கள். ஆனால் கேட்கிறவன் முதலில் தான் நிற்கிற இடத்தைச் சொல்லவேண்டும். அதுவும் பலாலி விமானப் படைத் தளமும் கூட. குத்துமதிப்பாக உள்ளே நுழைகிற இடமில்லை.

பனியின் குணம் ஒன்றுண்டு. 1500 அடியில் இருந்து நேர் கீழே பார்த்தால் எல்லாம் தெரியும். களப்பில் நட்ட சிறகுவலைத் தடிகளைக்கூட எண்ணலாம். கண்ணைக் கொஞ்சம் நிமிர்த்தி முன்னே பார்த்தால் ஒன்றுமில்லை. கீழே தெரிகிறதே என்ற தைரியத்தில் முன்னே தெரியாதது உறைக்காது. கிழக்கே வெயில் வேறு ஏறிவிட்டது. அந்தப் பக்கம் பால் கரைத்து ஊற்றியதுபோல வெள்ளை.

அப்போதுதான் தண்ணீருக்கு நடுவால் ஒரு தெரு வந்தது.

"பண்ணை," என்றேன். யாழ்ப்பாணக் கோட்டையடியில் இருந்து தீவுகளுக்குப் போகிற தெரு.

அவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். "அண்ணை, இது பொன்னாலை மாதிரிக் கிடக்கு." பொன்னாலை அதற்கு வடமேற்கே, காரைநகருக்குப் போகிற தெரு.

"பண்ணையடாப்பா. நான் எத்தினை தரம் போய் வந்த தெரு."

"கோட்டையைக் காணேல்லையே?"

"பனிக்குள்ளை கிடக்கும்."

கொஞ்சம் பேசாமல் இருந்தான். பிறகு, "இடம் நிச்சயமில்லை எண்டு டவருக்குச் சொல்லுவமே?" என்றான்.

"ரெண்டு நிமிஷம் பொறு."

டவர் கேட்டதும் நான் தெற்கே என்றதும் அந்த இரண்டு நிமிடத்துக்குள்தான். அந்த விமானத்தின் வேகத்தில் இரண்டு நிமிடம் என்றால் ஏழு கிலோமீற்றர். 1954இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாதவர்களுக்கு வெளிப்பார்வையை மறைத்தபோது, சராசரியாக 178 விநாடியில் விமானம் கைவிட்டுப் போனது. இருபது பேருக்கும் போனது. இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். ஆனால் எங்கள் நிலைமை அதுவல்ல. எனக்குக் கருவிப் பறப்பு தெரியும், கீழே தரை தெரிந்தது, எரிபொருள் தாராளமாக இருந்தது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அடுக்கவேண்டி வருகிறதே, அதுதான் இடிக்கிறது.

அது பொன்னாலைதான். தரையில் இலை அசையாத காலையிலும் மேலே வடகிழக்கு வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கணக்கில் விட்டதைவிடக் கூடுதலாக எங்களை மேற்கே தள்ளியிருந்தது. அதற்கு முதல் கடந்த வேலணைத் தீவின் தரையைப் பெருநிலத்துப் பூநகரி முனை என்று நினைத்துவிட்டேன். ஒன்றைப் பூநகரி என்று வைத்துவிட்டால் அடுத்தது பண்ணையாகத்தானே இருக்கவேண்டும். ஊர் தெரியாத ஒருத்தன் எந்தப் பாலமென்று வரைபடத்தில் தேடியிருப்பான். எனக்குத் தேடத் தோன்றவில்லை.

பண்ணையில் இருந்து பலாலி வடக்கே, சற்றுக் கிழக்காக. பொன்னாலையில் இருந்து அதே திசையில் போனால் மாதகலுக்குப் பக்கத்தால் கடல். திடீரென்று கீழே பனையும் இல்லை, தோட்டமும் இல்லை, வெறும் நீலச்சாம்பல். அப்படியே போனால் பத்து நிமிடத்துக்குள் எல்லை. அதற்கங்கால் இந்தியா.

நான் வாய் திறக்கமுதல் அவன் பொத்தானை அழுத்திவிட்டான். இடம் நிச்சயமில்லை, கடலுக்கு மேலே நிற்கிறோம் என்றான். குரல் நடுங்கவில்லை. கரை தெரிகிறதா என்று டவர் கேட்டது. பின்பக்கம் தெரிகிறது என்றான். திரும்பி, கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே வாருங்கள் என்றார்கள். அவ்வளவுதான். அதட்டலும் இல்லை, கேள்வியும் இல்லை. மூன்று நாலு நிமிடத்தில் காங்கேசன்துறை அலைதடுப்பு பனிக்குள் கறுப்புக் கோடாக வந்தது, பின்னால் சீமெந்து ஆலை. விசேட அனுமதியும் வந்தது. இறங்கினோம்.

இயந்திரத்தை நிறுத்திய கையோடு அவனை ஏசினேன். ரேடியோ என் பொறுப்பில் இருக்கும்போது கேட்காமல் எப்படிப் பேசலாம்? இதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேர் இருக்கிற இடத்தில் யார் எதைச் செய்வது என்று பிரித்துவைப்பது சும்மா இல்லை. ஆளுக்கொரு முடிவு எடுத்து விழுந்த விமானங்களும் உண்டு. ஆனால் வாத்தியார் பிழை விட்டால் வாய் திறந்து சொல்லு என்று படிப்பித்ததும் நான்தான். அவன் சொன்னான். ஒருதரமில்லை, மூன்று தரம். பொன்னாலை என்றான், கோட்டையைக் காணவில்லை என்றான், டவருக்குச் சொல்லுவமே என்றான். நாலாவது தரம் அவன் என்னிடம் கேட்காததில் என்ன அதிசயம்?

அவனுடைய பயிற்சிக் குறிப்பில் "வழிகண்டறிதல் திருப்தி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவனைப் பொறுத்தவரை அது சரி. தெருவைச் சரியாகச் சொன்னவன் அவன்தான். என்னைப் பற்றி எழுத அந்தத் தாளில் கட்டமில்லை.

பத்தரைக்குப் பனி விட்டுத் திரும்பினோம். பொன்னாலையும் பண்ணையும் பளிச்சென்று தனித்தனியாகக் கிடந்தன. அவன் என்னைக் கேட்காமலே போனை எடுத்துத் தொடையில் வைத்து வரைபடத்தைத் திறந்தான். நான் பேசாமல் இருந்தேன். பூநகரி தாண்டினோம், மன்னார் தாண்டினோம்.

"உயரம் குறைக்கட்டோ, சேர்?" என்று ஒருதரம் கேட்டான்.